வெளிறிய மலமும் அரிப்பும் சேர்ந்த மஞ்சள் காமாலை

58 வயதான தங்கள் தந்தைக்கு மூன்று வாரங்களாகக் கண்கள் மஞ்சளாகவும் மலம் வெளிறியும் இருப்பதாகவும், உடலெங்கும் அரிப்பு இருந்தாலும் வலியில்லை என்றும், கீழாநெல்லி கொடுத்தும் குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மலத்துக்கு நிறம் தருவது குடலில் இறங்கும் பித்த நிறமியே என்பதால், அது வெளிறும்போது பித்தக்குழாய் கல்லாலோ கட்டியாலோ அடைபட்டிருக்கக்கூடும் என்பதை முதலில் எண்ண வேண்டும். வலியில்லையே என்று தயவுசெய்து ஆறுதல் கொள்ளாதீர்கள். இந்த வயதில் வலியின்றி வரும் காமாலைக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் கட்டியும் காரணமாகலாம். இரத்தத்தில் பிலிருபின் என்ற அந்தப் பித்த நிறமியின் அளவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பது போதாது. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை முழுவதையும், வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனையும், இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே பித்தமின்றிச் சரிவர உறிஞ்சப்படாது என்பதால் இரத்த உறைவுப் பரிசோதனையையும் உடனே செய்துவிடுங்கள். நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.