மூழ்கிய கப்பலின் மரத்தில் செய்த பெட்டியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: இருநூறு ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பலின் ஓக் மரத்தில் செய்தது என்று கூறி, இணையத்தில் ஒருவர் சிறிய நகைப்பெட்டி ஒன்றைச் சாதாரணப் பெட்டியைப்போல் நான்கு மடங்கு விலைக்கு விற்கிறார். சான்றிதழும் தருவாராம். படத்தில் துளைகளும் கறுப்புக் கறைகளும் தெரிகின்றன. இவற்றை வைத்து நம்பலாமா? வாங்கினால் எப்படிப் பராமரிப்பது?

பதில்: துளைகளை அருகில் எடுத்த படத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். கடலில் கிடந்த மரத்தைக் குடைவது கப்பற்புழு. பெயரில் புழு என்றாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. அது குடைந்த வழியின் உட்சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு படிந்திருக்கும். வீட்டு மரச்சாமான்களை அரிக்கும் வண்டின் துளையோ குண்டூசித் தலையளவே இருக்கும்; தட்டினால் மாவுபோன்ற தூள் உதிரும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தால் அந்த மரம் கடல்நீரில் இருந்தது என்று கொள்ளலாம். ஆனால் துறைமுகத் தூண்களையும் மிதந்துவரும் கட்டைகளையும் அதே உயிரி குடைவதால், கப்பலின் பெயரை அது சொல்லாது. கறுப்புக் கறை அதைவிடவும் பலவீனமான சான்று. ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்பாணியோடு ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடும். பழைய வேலிப் பலகையிலும் இதைப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட பொருள்கள் எல்லாமே புரட்டு என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அருகே 1782-இல் மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' போர்க்கப்பலின் சிதைவுகளை 1839 முதல் சில ஆண்டுகள் வெடிவைத்து அகற்றியபோது கிடைத்த மரத்தில் பெட்டிகள் செய்தார்கள். அக்கப்பலின் கதையைச் சொல்லும் சிறு புத்தகங்களுக்கு அதன் மரத்தாலேயே அட்டையும் போட்டார்கள். ஒருகாலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக (தளபதி பயணிக்கும் முதன்மைக் கப்பலாக) இருந்த 'ஃபூத்ராயண்ட்' 1897-இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி உடைந்தபோதும், அதன் மரமும் செம்பும் நினைவுப் பொருள்களாக விற்பனையாயின. இவற்றில் பலவற்றில் கப்பலின் பெயர் பொறித்த தகடு உண்டு. ஆனால் பித்தளைத் தகட்டை எந்தப் பெட்டியிலும் அறைந்துவிடலாம் என்பதை மறக்க வேண்டாம். ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் கணிப்பதற்கும் சிறிய பெட்டியின் பலகையில் போதுமான வளையங்கள் இருப்பது அரிது.

ஆகவே நீங்கள் கூடுதல் விலை கொடுப்பது மரத்துக்கு அன்று, அதன் வரலாற்றுக்கு. கப்பலின் பெயர், மூழ்கிய இடம், மரத்தை எடுத்தவர், எடுத்த ஆண்டு, பெற்ற அனுமதி, அங்கிருந்து விற்பவர் கைக்கு வந்த வழி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். 'பழைய கப்பல் மரம்' என்று மட்டும் பதில் வந்தால், அது பழைய கப்பல்களை உடைக்கும் தளத்தில் பிரித்த மரமாக இருக்கலாம். அதில் குற்றமில்லை, ஆனால் நான்கு மடங்கு விலைக்கு நியாயமுமில்லை. சான்றிதழ் பெரும்பாலும் விற்பவரே அச்சிட்டுக்கொள்வது என்பதால், கப்பலின் பெயர் ரசீதிலும் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பின்னால் புகார் செய்ய நேர்ந்தால் கைகொடுப்பது அதுதான்.

அண்மையில் எடுத்த மரம் என்றால் அனுமதிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் கிடக்கும் மரபுச் சின்னங்களை வணிகப் பொருளாக்கக் கூடாது என்பது யுனெஸ்கோவின் 2001-ஆம் ஆண்டு உடன்படிக்கை. அதை ஏற்காத பிரிட்டனிலும், கப்பற்சிதைவிலிருந்து எதை எடுத்தாலும் 28 நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, நெடுங்காலம் நீரில் ஊறிய மரத்தை முறையாகப் பதப்படுத்தாமல் உலர்த்தினால் அது சுருங்கி வெடிக்கும். 1961-இல் வெளியே எடுக்கப்பட்ட சுவீடனின் 'வாசா' கப்பல்மீது 17 ஆண்டுகள் பதப்படுத்தும் கரைசலைத் தெளித்தார்கள். அப்படியும் மரத்துக்குள் கந்தக அமிலம் உருவாகியிருப்பது 2000-இல் தெரியவந்தது. எனவே எப்படிப் பதப்படுத்தினார்கள் என்றும் கேளுங்கள். பெட்டியைக் கழுவாமல், எண்ணெய் பூசாமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும்; அமிலத்தின் அறிகுறியாக மஞ்சள் நிறத் தூளோ புளித்த நெடியோ தோன்றினால் நகைகளை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.