இலங்கையின் மலைக்காடுகளைப் பொதுச் சொத்தாகக் காக்க முதலில் வந்த சட்டம் எது?

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் என்றுதான் பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அது காட்டை அரசுக்குச் சேர்த்த சட்டம். காத்த சட்டம் அல்ல.

மறுத்து நிரூபிக்கும்வரை காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்கே சொந்தம் என்று அது வைத்துக்கொண்டது. சேனை நிலமும் அதில் அகப்பட்டது. கண்டிப் பக்கம் மட்டுமல்ல, எங்கள் மட்டக்களப்புப் பக்கமும்தான். குரக்கனும் சோளமும் எடுத்துவிட்டு, மண் தேறட்டும் என்று சில வருடம் சும்மா விட்ட காணிக்கு எந்தக் குடும்பம் உறுதி எழுதி வைத்திருக்கும்? அந்தச் சட்டம் வந்த பிறகும் மலைக்காடு ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1844இல்தான் விலையை ஒரு பவுனாக உயர்த்தினார்கள். வாங்கியவர்களில் அரசாங்க உயரதிகாரிகளும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

காக்கும் எண்ணம் 1873இல்தான் தலைகாட்டியது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள அரச காட்டை விற்பதும் வெட்டுவதும் நிறுத்தப்பட்டன. ஊற்று வற்றும், மண் கரையும் என்ற அச்சமே காரணம். ஆனால் அது நிர்வாக முடிவு மட்டுமே. சட்டம் என்று கேட்டால் 1885ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தைத்தான் சொல்வேன். ஒதுக்கக் காடு, கிராமக் காடு என்ற பிரிவுகள் அதில் வந்தன. அதன் இடத்துக்கு வந்த 1907ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அம்பாறைக்காரனாக எனக்கு அந்த 5,000 அடிக் கோட்டில் ஒரு மனக்குறை உண்டு. சிறுபோக நெல் விதைப்புக்கு முன் நடக்கும் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானைமாரும் கமக்காரர்களும் முதலில் கேட்பது, எங்கள் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான். அதைப் பொறுத்தே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகும். வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர் அந்தப் பதில் வரும்வரை உட்காரக்கூட மாட்டார். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கிறது. அது ஓடிவரும் சரிவுகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது.

சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைக் காக்க 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா அமைந்தது. ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். நல்ல காரியம். ஆனாலும் ஆற்றின் தலைச்சரிவுகள் பூங்கா எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அங்கே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளையும், எத்தனை அடி உயரம் என்று பார்க்காமல், ஒதுக்கக் காடாக அறிவிக்க வேண்டும்.