பிரசவ மையத்தில் ராத்திரி டியூட்டியில் யார்? – கேள்வி பதில்

சென்னையில் பிரசவ மையம் தேடுகிறவர்களும் அங்கே வேலை பார்க்கிறவர்களும் கேட்டவற்றுக்கு, லேபர் வார்டிலும் பிறகு நர்சிங் வகுப்பிலும் இருந்த அனுபவத்தில் பதில் எழுதுகிறேன்.

வேளச்சேரி, ஐந்து மாத கர்ப்பிணி: சிஸ்டர், நாங்க பார்த்த இடத்துல போர்டுல மூணு டாக்டர் பேர் இருக்கு. ரூமெல்லாம் வீடு மாதிரி இருக்கு. வேற என்ன கேக்கணும்?

ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்து வந்தால் உள்ளே யார் இருப்பார்கள் என்று கேளும்மா. போர்டில் இருக்கும் மூன்று பேரும் கூப்பிட்டால் வருகிற விசிட்டிங் டாக்டர்களாக இருக்கலாம். குழந்தை வெளியே வரும்போது பயிற்சி பெற்ற இரண்டு பேர் அந்த அறைக்குள் நிற்க வேண்டும்: தாய்க்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர். குழந்தை மூச்சு விடவில்லை என்றால் முதல் ஒரு நிமிஷத்துக்குள் பேக், மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்க ஆரம்பித்தாக வேண்டும். அதே நேரத்தில் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போட வேண்டும், நஞ்சுக்கொடி பிரிவதைப் பார்க்க வேண்டும், கர்ப்பப்பை இறுகுகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தனி ஆளால் இது முடியவே முடியாது. "ஆயாம்மா கூட இருப்பாங்க" என்று சொன்னால் அவரை இரண்டாவது ஆளாகக் கணக்கில் சேர்க்காதே. படிக்காத வேலைக்கு அவரைப் பொறுப்பாக்குவது அவருக்கும் அநியாயம்.

அந்த ஆக்ஸிடோசின் ஃபிரிட்ஜில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. வெளியில் கிடந்து வீரியம் போன ஊசியை யார் போட்டும் பயனில்லை.

அம்பத்தூர், மைய நிர்வாகி: மேடம், எங்களிடம் நான்கு நர்ஸ்கள். மாதத்துக்குச் சில பிரசவங்கள்தான். போதாதா?

போதாது சார். ஷிப்டுக்கு இரண்டு பேர், நாளைக்கு மூன்று ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 42 டியூட்டி. வார ஓய்வு போக ஒருவர் பார்ப்பது 6. ஆக 7 பேர், அதுவும் யாருமே லீவு எடுக்காவிட்டால். காய்ச்சல், வீட்டுக் கல்யாணம், மகப்பேறு விடுப்பு எல்லாம் சேர்த்தால் 9 பேர் இல்லாமல் ஓட்ட முடியாது. நான்கு பேர் என்றால் 24 டியூட்டிதான் வரும். மிச்சத்தில் ஒன்று தனி ஆள் ராத்திரி, இல்லையென்றால் தூக்கமில்லாத டபுள் டியூட்டி.

பிரசவம் குறைவாக இருக்கும் இடத்தில் இன்னொரு ஆபத்து, கைப்பழக்கம் விட்டுப்போவது. மாதம் ஒருமுறையாவது பொம்மையை வைத்துக் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சி செய்ய வையுங்கள், டாக்டரையும் சேர்த்து.

தாம்பரம், ஜி.என்.எம் (நர்சிங், மிட்வைஃபரி டிப்ளமோ) முடித்தவர்: அக்கா, நானே தனியா பிரசவ மையம் ஆரம்பிக்கலாமா?

உன் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் இப்போது வேண்டாம். மத்திய அரசு 2018-இல் மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும்) சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஜி.என்.எம் அல்லது பி.எஸ்சி நர்சிங் முடித்து அனுபவமும் உள்ளவர்களுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, சிக்கல் இல்லாத பிரசவங்களைப் பார்க்க வைப்பது அதன் நோக்கம். அப்படிப் பயிற்சி பெற்றவர்களையும் பிரசவம் அதிகம் நடக்கும் அரசு மருத்துவமனைகளில்தான் வைக்கச் சொல்கிறார்கள். காரணம், சிக்கல் என்றால் டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். அந்தப் பயிற்சிக்கு முயற்சி செய். இந்தத் துறைக்கு உன்னைப் போன்றவர்கள் வேண்டும்.

பெரம்பூர், கணவர்: ஆபரேஷன் தியேட்டர் இல்லையாம். இருபது நிமிஷத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு சொல்றாங்க. நம்பலாமா?

எந்த நேரத்து இருபது நிமிஷம் என்று கேளுங்கள் தம்பி. சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்களே ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். எந்த ஆஸ்பத்திரியோடு எழுத்துப்பூர்வமாகப் பேசி வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பலர் கேட்க மறப்பது இன்னொன்று: ஆம்புலன்ஸில் கூடவே போவது யார்? ரத்தப்போக்கோடு போகும் தாயை டிரைவரோடு மட்டும் அனுப்பக் கூடாது, ஒரு நர்ஸ் ஏற வேண்டும். அவர் ஏறிவிட்டால் மையத்தில் வலியோடு இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு மிஞ்சுவது ஒரே ஆள். உடனே வரக்கூடிய மூன்றாவது ஆள் பெயர் டியூட்டி சார்ட்டில் இருக்க வேண்டும்.

முதல் பிரசவம் சிசேரியன், இரட்டைக் குழந்தை, பி.பி., குழந்தை தலைகீழாகத் திரும்பாத நிலை, இதில் ஏதாவது இருந்தால் மையமே வேண்டாம். எழும்பூர், திருவல்லிக்கேணி கோஷா, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆகிய அரசு பிரசவ ஆஸ்பத்திரிகள் எல்லாம் 24 மணி நேரமும் திறந்திருக்கின்றன.

அடையாறு: டூலா இருந்தால் நர்ஸ் ஒருத்தர் போதுமா?

போதாது. டூலா பிரசவத்தில் கூடவே இருக்கும் துணையாள். தைரியம் சொல்வார், இடுப்பைப் பிடித்துவிடுவார். அது பெரிய உதவிதான், ஆனால் மருத்துவப் பொறுப்பு அவருடையது இல்லை.

போரூர்: இவங்க தகுதியை நாம எப்படிச் சரிபார்க்கிறது?

மையம், 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை ரிசப்ஷனில் தேடுங்கள். ஸ்கேன் மெஷின் இருந்தால் அதற்குத் தனிப் பதிவு உண்டு. டாக்டருக்குத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் எண், நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் எண். நர்ஸ் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். ராத்திரி ஷிப்டில் இருப்பவர்களின் எண்களையும் சேர்த்தே கேளுங்கள்.