ஆயில்ல முங்கி ஓடுற பெல்ட் இருக்கற டிரக்கை நம்பி வாங்கலாமா?

டெக்ஸாஸ்ல இருக்கற உங்க மச்சான் 2020 மாடல் சில்வராடோங்கற ஷெவர்லே பிக்கப் டிரக், 3 லிட்டர் டியூராமேக்ஸ் டீசல் இன்ஜின், 1,20,000 மைல் ஓடுனதை பழசா வாங்கப் பாக்கறாரு, உள்ள ஆயில் பம்ப்பை ஓட்டறது ரப்பர் பெல்ட்டுன்னு கேட்டதும் உங்களுக்கு பயம் வந்துருச்சு, அதானுங்களே. நான் அமெரிக்கா போனதில்லீங்க, அந்த வண்டியைத் தொட்டதும் இல்ல. அப்பறம் எதுக்குய்யா பதில் சொல்றேன்னு யாராச்சும் வருவீங்க. நாமக்கல்ல லாரி இன்ஜின் பிரிச்சுக் கோக்கறதுதான் எனக்குச் சோறு போடுது, ஆயில் பெல்ட்டை கையில புடிச்சுப் பாத்தவன்கறதால சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. அந்த இன்ஜின்ல கேம், அதாவது வால்வைத் தொறந்து மூடற தண்டு, ஓடறது செயின்ல. பெல்ட் ஆயில் பம்ப்புக்கு மட்டும்தான். கம்பெனி 1,50,000 மைலுக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுது, நம்ம கணக்குல 2,40,000 கிலோமீட்டருக்கு மேல. அது சாதா ரப்பர் இல்லீங்க, ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கற ரப்பர், உள்ள கண்ணாடி நார். நல்ல ஆயில் ஊத்துனா ஓடும். சத்தம் கம்மி, உராய்வு கம்மி, அதுக்காகத்தான் வெச்சிருக்கறாங்க.

நல்ல ஆயில்னு சொன்னேன்ல, எங்க பெரியக்கா மாப்பிள்ளை கதையைக் கேளுங்க. மாமா மூணு லாரி வெச்சிருக்காரு, கூட ஆயில் பெல்ட் போட்ட பெட்ரோல் கார் ஒண்ணு. லாரிக்கு வாங்குன பேரல்ல இருந்தே காருக்கும் ஊத்திருவாரு, 15டபிள்யூ40ங்கற கெட்டி ஆயிலு, அதுவும் மாத்தவேண்டிய கிலோமீட்டர் தாண்டி எத்தனையோ நாள் கழிச்சு. கேட்டா "ஆயில்னா ஆயில்தானடா மாப்ள"ம்பாரு. பொறவு ஆயில் லைட் எரிய ஆரம்பிச்சுது, சென்சார் மாத்துனாரு, ஃபில்டர் மாத்துனாரு, கடைசியில எம்பட பட்டறைக்கு இழுத்துட்டு வந்தாரு. இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கற சம்ப்பை எறக்கிப் பாத்தா ஸ்ட்ரைனர்ல டீ வடிகட்டியில தூள் அடைச்ச மாதிரி கருப்புத் துணுக்கு. பெல்ட் அறுகலீங்க, ஓரம் ஓரமா உதிர்ந்து பம்ப்போட வாயை அடைச்சிருச்சு. ஆயில் ஏறாம டர்போவும் பேரிங்கும்தான் மொதல்ல போகும், நல்லவேளை அதுக்கு முன்னாடி வந்துட்டாரு. கிராங்க்கையும் கேமையும் பூட்டி வெக்கற டூல் எங்கயும் கெடைக்காம கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்துல ஒரு லேத்துல சொல்லிக் கடைஞ்சு வாங்கித்தான் வேலையை முடிச்சேன். மாமா இன்னும் லேத்துக் கூலியைத் தரல, அது வேற.

அதனால மச்சானை டெக்ஸோஸ் டிங்கற, வண்டிக் கம்பெனியோட டீசல் ஆயில் முத்திரை இருக்கற 0டபிள்யூ20 (இளக்கமான ரகம்) ஆயில்தான் ஊத்தச் சொல்லுங்க. டிபிஎஃப், அதாவது பொகைக்கரியைப் புடிச்சு எரிக்கற ஃபில்டர், இருக்கற டீசல்ல பக்கத்துல பக்கத்துலயே ஓட்டிட்டு இருந்தா டீசல் ஆயில்ல கலக்கும், அது ரப்பருக்கு ஆகாது. அப்படி ஓட்டறவரா இருந்தா ஆயிலை இன்னும் முன்னாடியே மாத்தோணும்.

இதெல்லாம் விடுங்க, உண்மையான சோலி வேற. அந்த பெல்ட் இன்ஜினுக்குப் பின்னாடி இருக்குது. மாத்தோணும்னா கியர்பாக்ஸை எறக்கோணும். நம்ம லாரியில கிளச் பிளேட் போடறதுக்கு எப்படியும் கியர்பாக்ஸ் எறங்கும், அதுல இப்படி ஒரு பெல்ட் இருந்திருந்தா அதோட சேத்து மாத்திட்டுப் போயிரலாம். சில்வராடோவுல 10 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், கிளச் பிளேட் வேலையே கெடையாது, அந்த ஒரு பெல்ட்டுக்காகவே எறக்கோணும். பெல்ட்டு வெலை சும்மா, கூலிதான் ஆளை முழுங்கும். ஆனா வருசத்துக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடற எங்க லாரிங்கள்ல இதே பெல்ட் இருந்தா ரெண்டரை வருசத்துல மாத்தற கெடு வந்துரும், பெரிய லாரி இன்ஜின்ல பெல்ட்டுக்குப் பதிலா இன்னும் டைமிங் கியர்ங்கற பல்சக்கரமே இருக்கறது சும்மா இல்லீங்க. ஐரோப்பாவுல பெஜோ, சிட்ரோன் கார்ல வர்ற 1.2 பியூர்டெக் பெட்ரோல் இன்ஜின்லகூட ஆயில் பெல்ட்டை வெச்சுப் பாத்துட்டு புதுசுல செயினுக்குப் போயிட்டாங்க. பெல்ட் டெக்னாலஜியை நான் திட்டறேன்னு நெனைக்காதீங்க, வெச்ச எடத்தைத்தான் சொல்றேன்.

   

மச்சான் விசயத்துக்கு வர்றேன். இன்னும் 30,000 மைல்ல அந்த வேலை வருது. விக்கறவன் அதைத் தெரிஞ்சுதான் இப்பத் தள்ளிவிடறான்னு வெச்சுக்கோங்க. அங்க ஒரு பட்டறையில கூலி என்னாகும்னு எழுதி வாங்கி அதை வெலையில கழிக்கச் சொல்லுங்க, ஆயில் மாத்துன பில் எல்லாத்தையும் கேக்கச் சொல்லுங்க. பில் இருந்து வெலையும் எறங்கி வந்தா நானா இருந்தா வாங்கிருவேன். பில் இல்லைன்னா எவ்வளவு எறக்குனாலும் வேண்டாமுங்க.