மணமேடையான பீடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் சிங்கப்பூரில் ஒரு திருமண விருந்துக்குப் போயிருந்தேன். இடம், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள சைம்ஸ் (CHIJMES) என்ற பழைய கன்னியர் மட வளாகம். என் தாயார் அங்கே கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். அவர் முழந்தாளிட்டுச் செபித்த சிற்றாலயத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. வெளியே வந்தால் மதுக்கூடங்கள். இப்படி வைத்திருப்பதற்கு இடித்தே இருக்கலாமே? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி, ஜொகூர் பாரு

அன்புள்ள சகோதரிக்கு,

இடித்திருக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். முதன்முறை போனபோது நானும் முகம் சுளித்தவன்தான். வர வேண்டிய நண்பர் தாமதித்ததால் வேறு வேலையில்லாமல் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நம் கோயில்களில் தூணின் உச்சியில் போதிகை இருக்கும் இடத்தில் இலையும் பூவும் பறவையும். கட்டடம் ஐரோப்பியக் கோதிக் பாணி. செதுக்கியிருப்பதோ வெப்பமண்டலத்துச் செடிகொடிகளை. மொத்தம் 648 தூண் தலைப்புகள் என்கிறார்கள். நான் இருபதோடு கழுத்து வலித்து விட்டுவிட்டேன். வரைபடம் போட்ட சார்ல்ஸ் நேன் ஒரு பாதிரியார். சன்னல்களின் வண்ணக் கண்ணாடி பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்து வேலை. 1904இல் புனிதப்படுத்தப்பட்ட அந்த ஆலயத்தை இடித்திருந்தால் உங்கள் தாயாரின் நினைவுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

புனிதம் கெட்டதா என்ற கேள்வி எளிது. 1983 நவம்பரில் கடைசித் திருப்பலி நடந்தது. பிறகு ஆலயம் என்ற நிலை முறைப்படி நீக்கப்பட்டது. திருச்சபையின் கணக்கில் அது அன்றுமுதல் ஒரு மண்டபம், அவ்வளவுதான். பள்ளி சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்துக்குப் போய்விட்டது. 1990இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். உணவகங்கள் வந்தது அதன் பிறகு. வாடகை வராத பழங்கட்டடம் எத்தனை நாள் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா?

இன்னொன்று. அந்த வளாகத்தின் மூத்த கட்டடம் ஆலயமே அல்ல, ஒரு வீடு. நீதிமன்ற எழுத்தர் கால்டுவெல்லுக்காகக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் 1840-41இல் கட்டியது. (நம் திருநெல்வேலிக் கால்டுவெல் அல்லர், எனக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது.) 1852இல் பெரல் பாதிரியார் அதை வாங்கினார். 1854இல் கன்னியர் வந்து சேர்ந்தார்கள். எழுத்தர் வீடு மடமாயிற்று, பள்ளியாயிற்று, அநாதை இல்லமாயிற்று. இப்போது விருந்து மண்டபம் என்றவுடன் மட்டும் நமக்குப் பதறுகிறது.

என் வருத்தம் வேறு இடத்தில். விக்டோரியா ஸ்திரீட் பக்கம் மதிலில் ஒரு சிறு வாசல் உண்டு. 'நம்பிக்கை வாசல்' என்று பெயர். வளர்க்க வழியற்றவர்கள் சிசுக்களைக் கந்தல் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி அங்கே விட்டுப் போவார்கள். கன்னியர் எடுத்து வளர்ப்பார்கள். சீனப் பஞ்சாங்கத்தின் புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையாலும் பல குழந்தைகள் இப்படிக் கைவிடப்பட்டன. ஆள் குனிந்து பார்க்கும்படி ஒன்றும் அங்கே இல்லை, வெறும் வாசல். எல்லாரும் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள். நான் நின்ற அரைமணி நேரத்தில் அந்த வாசலின் முன் கால் தயங்கிய ஒருவரைக்கூடக் காணவில்லை. இந்த வளாகத்தில் எதையாவது நினைவுச்சின்னம் என்று சொல்ல என்னிடம் விட்டால், கண்ணாடிச் சன்னல்களுக்கு முன்னால் அதைத்தான் சொல்வேன்.

தாயார் நடமாட்டமாக இருந்தால் ஒரு காலைப்பொழுதில், கடைகள் திறக்குமுன், அவரை அழைத்துப் போங்கள். எந்த அறையில் உட்கார்ந்து படித்தார் என்று காட்டச் சொல்லுங்கள். அங்கே இப்போது என்ன விற்கிறார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.