மகள்கள் வாயே திறக்கவில்லை என்றால்...

நீங்கள் நடத்திய அம்மா-மகள் கலந்துரையாடலுக்கு 8 ஜோடி வந்தும் அம்மாக்கள் மட்டுமே பேசினார்கள், மகள்கள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா பக்கத்திலேயே உட்கார வைத்தால் எந்தப் பதினைந்து வயதுப் பெண் மனதில் இருப்பதைச் சொல்வாள்? எங்கள் குழுவிலும் முதலில் இதே கதைதான். அப்புறம் முதல் அரை மணி நேரம் இரண்டு தரப்பையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தோம், பிறகு ஆளுக்கு ஒரு கேள்வியைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி டப்பாவில் போடச் சொன்னோம். சீட்டை நீங்களே வாசியுங்கள், கையில் கொடுத்தால் கையெழுத்தை வைத்தே அம்மாக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 'நான் அழுதால் உடனே ஏன் காரணம் கேட்கிறீர்கள்?' என்று ஒரு சீட்டு வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, ஓர் அம்மா மட்டும் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

இங்கே பேசியதை வீட்டுக்குப் போய்க் கிளறக் கூடாது என்பதை இரண்டு தரப்பிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் அதை ரகசியமாக வைக்க முடியாது, அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அறிவுரை சொல்ல ஆரம்பிக்கும் அம்மாவை, சரி, சிரித்துக்கொண்டே நிறுத்துங்கள்.