டாட்டூ கேள்வி-பதில்: உப்புத் தண்ணீர், படகு எண், புள்ளி விட்ட தமிழ்

மண்டபம் வாசகர்: விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். எந்த மாதம் டாட்டூ குத்திக்கொள்வது நல்லது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அதன் முதல் வாரத்திலேயே குத்திக்கொள்ளுங்கள். மேல்தோல் மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கடல் தண்ணீர், ஐஸ் பெட்டித் தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எதுவும் படக்கூடாது. வெதுவெதுப்பான கடலில் விப்ரியோ கிருமிகள் உண்டு. ஆறாத டாட்டூ முழுக்க ஊசித் துளைதான், கிருமி நேராக உள்ளே போகும். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ இருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். படகைக் கரையேற்றிச் சுரண்டி பெயின்ட் அடிக்கும் வேலை இருந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள். ஃபைபர் தூசியும் தின்னரும் புண்ணில் படக்கூடாது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் கிடையாது. மூன்று வாரம் கரையில் இருக்க முடியாதவர்கள் குத்திக்கொள்ள வேண்டாம்.

ராமேஸ்வரம் வாசகர்: நாளை கையில் ஓம் குத்திக்கொண்டு, மறுநாள் 22 தீர்த்தமும் ஆடலாமா?

கூடாது. முதலில் தீர்த்தமாடுங்கள், பிறகு குத்துங்கள். அக்னி தீர்த்தம் கடல் என்பதை நினைவில் வையுங்கள்.

பாம்பன் வாசகர்: மறைந்த அப்பாவின் படகுப் பதிவு எண்ணை முன்கையில் குத்த ஆசை. சின்னதாக இருக்க வேண்டும்.

நல்ல எண்ணம். பூவும் சிறகும் சொல்லாததை அந்த எண் சொல்லும். ஆனால் சின்னதாக வேண்டாம். மை வருடக்கணக்கில் தோலுக்குள் மெல்லப் பரவும். 6, 8, 9 எல்லாம் உள்வயிறு அடைத்துக் கரும்பொட்டாகிவிடும். ஒவ்வொரு இலக்கமும் குறைந்தது 10 மில்லிமீட்டர் உயரம், கோட்டுக்கு 3 அல்லது 5 ஊசி ரவுண்ட் லைனர் (வட்டமாகச் சேர்த்த ஊசிக் கட்டு), இலக்கங்களுக்கு இடையே கோட்டின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி. எண்ணை மனப்பாடத்திலிருந்து சொல்லாமல் பதிவுச் சான்றிதழைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். படகின் பழைய புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது. அணியத்தில் (படகின் முன்பக்கம்) பெயின்டர் எழுதிய அதே வளைவை அப்படியே ஸ்டென்சில் (தோலில் ஒட்டும் மாதிரித் தாள்) எடுக்கலாம். கம்ப்யூட்டர் எழுத்தில் அது வராது.

சாயல்குடி வாசகர்: ராணுவத்தில் சேரப் போகிறேன். கழுத்தில் வேல் குத்தலாமா?

வேண்டாம். தரைப்படையில் முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் அனுமதி. துணை ராணுவப் படைகளில் இன்னும் கண்டிப்பு: முன்கை என்றால் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் மட்டும், அதுவும் அந்தப் பகுதியின் கால்வாசிக்குள். நீங்கள் சேரும் ஆண்டின் ஆட்சேர்ப்பு அறிவிப்பைப் படித்துவிட்டுக் கேள்வி அனுப்பியிருக்கலாம். வேலை கிடைத்த பிறகு குத்துவதானாலும் இதே விதிதான்.

கீழக்கரை வாசகர்: வலம்புரிச் சங்கு குத்தினேன். சங்கு வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு இது இடம்புரி என்கிறார்.

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஊதும் முனை கீழே, நீண்ட வால் மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி வைத்துப் பாருங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால்தான் வலம்புரி. கடலில் கிடைப்பதில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. கையால் வரைந்த ஸ்டென்சிலைப் புரட்டி ஒட்டினாலும், செல்ஃபியில் இடவலம் மாறிய படத்தைப் பார்த்து வரைந்தாலும் சங்கு மாறிவிடும். ஊசி படும் முன் நிஜச் சங்கோடு வைத்துப் பார்ப்பது குத்துபவரின் வேலை.

தேவிபட்டினம் வாசகர்: அம்மாவைப் பற்றி ஒரு வரி தமிழில் குத்த வேண்டும். கடையில் அடித்துக் காட்டியபோது எழுத்துகள் உடைந்து வந்தன. 'குத்தும்போது சரியாகிவிடும்' என்றார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள். திரையில் உடைந்த எழுத்து தோலிலும் உடைந்துதான் இருக்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர் தமிழ் குத்தக்கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் தகும். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கொ, கோ எல்லாம் சிதறும். நடுவில் புள்ளிகளாலான வட்டம் முளைக்கும். அந்த அமைப்பை மாற்ற ஒரு நிமிடம் போதும். செய்யாமல் குத்துகிறார்கள், குத்திக்கொண்டவர் அம்மாவின் பெயரைப் பிழையோடு ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்.

அடுத்தது புள்ளி. ஊசியை ஒரே இடத்தில் ஒருமுறை தட்டிவிட்டு எடுத்தால் பொருக்கோடு மை உதிர்ந்துவிடும், 'அம்மா' என்பது 'அமமா' ஆகும். ஆழமாக அழுத்தினால் மை பரவி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிறு வட்டமாக வரைந்து உள்ளே நிரப்ப வேண்டும். எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகளுக்கு இடம் வேண்டுமென்றால் எழுத்து 12 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இடம் போதாவிட்டால் வரியைச் சுருக்குங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள்.

மொழிபெயர்ப்புச் செயலி தந்த வரியைக் கொண்டுவராதீர்கள். ன-ண, ல-ள-ழ, ர-ற மூன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். தாளில் அச்செடுத்து மூன்று பேரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அதில் ஒருவர் தமிழாசிரியராக இருக்கட்டும். ஸ்டென்சில் ஒட்டியபின் ஒருமுறை நீங்களே படியுங்கள்.

சின்னப்பாலம் வாசகி: பாட்டி கையில் உள்ள கோலப் பச்சையை என் கையிலும் அப்படியே போடலாமா? பச்சை மைதானே வேண்டும்? கடற்பாசி எடுக்கப் போகிறேன்.

கறுப்பு மைதான் வேண்டும். அந்தக் காலத்தில் மஞ்சள்தூளும் அகத்தி இலையும் துணியில் சுருட்டித் திரியாக்கி, எரித்த கரியைக் குழைத்துக் குத்தினார்கள். கரி கறுப்புதான், தோல் வழியாகப் பார்க்கையில் பச்சை நீலமாகத் தெரிகிறது. பாட்டியின் கையில் டிரேசிங் தாளை வைத்துக் கோலத்தை எடுங்கள். தோல் தளர்ந்து கோடு வளைந்திருக்கும், எனவே புள்ளிகளை எண்ணிக் கட்டத்தாளில் மறுபடி வரையுங்கள். ஒரு புள்ளி விட்டாலும் அது வேறு கோலம். பாசி எடுக்க முங்குகிறவர் நீங்கள்: மூன்று வாரம் உப்புத் தண்ணீர் கிடையாது. விரலில் போடாதீர்கள், பாறை உரசி உதிர்ந்துவிடும்.

உச்சிப்புளி வாசகர்: புதிதாகக் கடை போட்டிருக்கிறேன். ஆட்டோகிளேவில் (நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் பெட்டி) வெள்ளைப் படிவு வருகிறது. மையைக் குழாய்த் தண்ணீரில் கலக்கலாமா?

படிவு உங்கள் ஊர் உப்புத் தண்ணீரால் வருவது. ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். 121 டிகிரி, 15 பவுண்ட் அழுத்தம், உறையிட்ட கருவிக்கு அரை மணி நேரம். மை கலக்க அதுவும் போதாது, கிருமிநீக்கிய ஸ்டெரைல் வாட்டர் வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டிஸ்டில்டு வாட்டர் கலந்த சாம்பல் நிற மையால் 19 பேருக்குத் தோல் தொற்று வந்தது. குழாய்த் தண்ணீரைப் பற்றி இனிக் கேட்காதீர்கள். மெஷினைக் கடல்காற்றில் திறந்து வைக்காமல் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுவிட்டீர்களா?

தொண்டி வாசகர்: பழைய பெயரை அழிக்கச் சுண்ணாம்பும் உப்பும் வைத்துத் தேய்க்கிறேன். போகவில்லை.

உடனே நிறுத்துங்கள். மை தோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதுவரை தேய்த்தால் பெயர் இருந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். புண் முழுதாக ஆறியபின் தோல் மருத்துவரிடம் லேசர் பற்றிக் கேளுங்கள். கறுப்பு மை என்றால் ஆறேழு வார இடைவெளியில் எட்டுப் பத்து முறை ஆகலாம். நம் நிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழும் வாய்ப்பு உண்டு, முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராமநாதபுரம் வாசகர்: டாட்டூ போட்டால் ரத்த தானம் செய்யலாமா?

ஒரு வருடம் கழித்துச் செய்யலாம்.